உள்ளே யார் நிற்கிறார்கள்?

எங்கள் ஊரில் பென் டிரைவைப் பிடுங்குவதுதான் வழக்கம். பழவேற்காடு பஜாரில் செல்போனுக்குப் பாட்டு ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. மெமரி கார்டை நீட்டினால் "இளையராஜாவா, புதுசா?" என்று மட்டும் கேட்பார் கடைக்காரர். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்ததும் கார்டு ரீடரைச் சடக்கென்று உருவி, கார்டைத் தட்டி எடுத்து, 20 ரூபாயை டிராயரில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பத்திரமாக வெளியே எடுப்பதற்கென்று திரையின் மூலையில் ஒரு சின்னப் படம் இருப்பதை அவரும் சட்டை செய்ததில்லை, நாங்களும் சட்டை செய்ததில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விண்டோஸ் எக்ஸ்பி, செவன் காலத்தில், கழற்றக்கூடிய டிரைவில் எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் கையோடு எழுதி முடிப்பதுதான் அந்த சிஸ்டத்தின் வழக்கமான ஏற்பாடு. ஜனங்கள் பிடுங்கத்தான் செய்வார்கள் என்று தெரிந்தே அப்படி வைத்திருக்க வேண்டும்.

லினக்ஸ் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. எனக்கு அது பழக்கமானது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த வருஷம் நான் பிளஸ் டூ. மூடியில் முதல்வர் படம். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் அது. கூடப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெயரைத் தொட்டதே இல்லை. சிலர் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றிக்கொண்டார்கள். நான் தொட்டதற்கும் பெரிய காரணம் கிடையாது. அதில் வைரஸ் வராது என்று யாரோ சொன்னார்கள். அப்போது ஊரிலிருந்த பென் டிரைவ் எல்லாவற்றிலும் வைரஸ் இருந்தது. ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும்.

உள்ளே போனதும் சி டிரைவ் எங்கே, டி டிரைவ் எங்கே என்றுதான் முதல் தேடல். இரண்டும் இல்லை. உச்சியில் ஒரே ஒரு சாய்கோடு, அதற்குக் கீழே எல்லாம். மீடியா என்று ஒரு டைரக்டரி. பென் டிரைவைச் செருகினால் அதற்குள் புதிதாக ஒரு பெயர் முளைக்கும், எடுத்தால் போய்விடும். கொஞ்ச நாள் கழித்து டெர்மினலில் கையாலேயே செய்து பார்த்தேன். காலியாக ஒரு டைரக்டரி உண்டாக்கி, பென் டிரைவை அதன் மேல் மவுன்ட் செய்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் பாட்டும் படமும் பிராக்டிகல் ரெக்கார்டு ஸ்கேனும் வந்து நிற்கின்றன. அன்மவுன்ட் செய்தால் மறுபடி காலி. இடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வந்து போவதுதான் வேறு. டைரக்டரி காலியாக இல்லாவிட்டாலும் மவுன்ட் ஆகும். ஏற்கனவே உள்ளே இருந்தவை அழிவதில்லை. மேலே வந்ததற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். இந்த மறைவு பிற்பாடு ஒரு முழு ராத்திரியைத் தின்றது. அது தனிக் கதை.

லினக்ஸுக்கு இந்த ஏற்பாடு யுனிக்ஸிடமிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் அதைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே மவுன்ட், யூமவுன்ட் இரண்டும் இருக்கின்றன. 1974-இல் அவர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் பிடிபி-11 கணினியில், கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க் கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் 25 லட்சம் பைட். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே காணாது. ஒரு டிஸ்கில் எதுவும் அடங்காத காலம். அந்தத் துண்டு துக்காணி டிஸ்குகளுக்குத் தனித்தனி எழுத்து வைக்காமல் ஒரே மரத்தில் கிளைகளாக ஒட்டிவிட்டார்கள். உள்ளே நடக்கிறவருக்கு எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்குத் தாண்டினோம் என்பதே தெரியாது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில், குப்பையாகிப்போன ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்தால் கணினியே விழுந்துவிடும் என்பதைக் குறைகள் என்ற தலைப்பின் கீழ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கையேடுகள் மேல் தனிப் பிரியம் உண்டு. தன் குறையைத் தானே எழுதி வைக்கிற பொருளை இப்போது யார் விற்கிறார்கள்?

இடம் நிற்கும், ஆள் மாறும் என்பது எங்கள் ஏரிக்குப் புதிதில்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு முனைதான் நம் பக்கம். கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் அங்கே இருக்கிறது. எறா வந்து போவது அந்த வழியாக. அதை ஒட்டிய நீரில் எங்கே வலை கட்டலாமோ அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் தலைக்கட்டுகள் முறை வைத்துக்கொண்டு பாட்டில் இறங்குவார்கள். இன்றைக்கு இந்தப் பாடு ஒரு கூட்டத்துக்கு என்றால் நாளைக்கு அது வேறொரு கூட்டத்துக்கு. கழி ஊன்றி சுத்து வலை கட்ட வேண்டும், நீர் வடிகிறபோது எடுக்க வேண்டும், முறை முடிந்தால் கழியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நல்ல பாடும் சுமார் பாடும் எல்லாருக்கும் சுற்றி வரும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் வலை கட்டும் இடங்களை இதே போலச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் பாட்டு முறையைப் பாராட்டி நிறைய எழுதியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி எறா பிடிக்கிற இருளர் பெண்களுக்கு இந்தச் சுற்றில் முறை கிடையாது. எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

எங்கள் சித்தப்பா பாட்டிலும் இறங்குவார், கடலுக்கும் போவார். 2013 நவம்பர் 5, மங்கள்யான் கிளம்பிய நாள். தீபாவளி லீவுக்குக் கல்லூரியிலிருந்து வந்தவன் இன்னும் திரும்பவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நேரத்தில் அந்தப் பக்கக் கடலில் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு மதியம் 2.38-க்கு ராக்கெட். படகெல்லாம் கரையில் கிடந்தது. எல்லாரும் மேலே பார்த்து முடித்த பிறகு, சித்தப்பா பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஜிபிஎஸ்ஸை வெளியே எடுத்தார். கார்மின் 78. கைக்குள் அடங்குவது, தண்ணீரில் விழுந்தால் மிதப்பது. ரப்பர் பட்டன்களில் எழுத்து தேய்ந்து வழவழவென்று இருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு.

அவருடைய கடல் மொத்தமும் அதற்குள் இருந்தது. மீன் கூடுகிற பாரு எங்கே, வலையைக் கிழிக்கிற கல்லு எங்கே, முழுகின படகு எங்கே என்று வருஷக்கணக்காகக் குறித்து வைத்தவை. தாத்தா காலத்தில் லைட் ஹவுஸும் ஒரு பனைமரமும் ஒரே கோட்டில் வருகிற இடம் என்று மனசில் வைத்திருந்தார்கள். பிறகு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. சித்தப்பா பட்டனை அழுத்தியதோடு சரி. 001, 002 என்று ஜிபிஎஸ் தானே எண் போட்டுக்கொண்டது. எந்த எண்ணுக்கு எந்த இடம் என்பது அவர் தலைக்குள்.

"இது தண்ணில பூடுச்சின்னா அவ்ளோதான். உன் பொட்டில ஒரு காப்பி போட்டு வையிடா."

கேபிளைச் செருகியதும் ஜிபிஎஸ் திரையில் மேப் மறைந்து, ஒரு கம்ப்யூட்டர் படம் வந்தது. சித்தப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "டேய், மேப்ப காணோம்." எதுவும் அழியவில்லை, இப்போது அது லேப்டாப் கையில் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் ஜிபிஎஸ் ஒதுங்கி நிற்கிறது என்றேன். கார்மின் என்று ஒரு டைரக்டரி, அதற்குள் ஜிபிஎக்ஸ் என்று இன்னொன்று, அதற்குள் ஃபைல்கள். திறந்தால் வெறும் எழுத்துதான். ஒவ்வொரு குறிக்கும் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, குறித்த நேரம். 13.4, 80.3 என்று ஓடுகிற எண்களை நான் படிக்கப் படிக்க அவர் தலையாட்டவில்லை. குறியின் எண்ணைப் படித்தால் மட்டும் உடனே பதில் வரும்: "அது கல்லு. அது வஞ்சிரம் பட்ட எடம். அது ஒண்ணுமில்ல, பட்டன் தானா அமுங்கிடுச்சி."

காப்பி முடிந்தது. வெளியே எடுக்கப் போனால் லினக்ஸ் விடவில்லை. டிவைஸ் பிஸி என்றது.

"இன்னா சொல்லுது?"

"உள்ள யாரோ நிக்கிறாங்களாம் சித்தப்பா. அவங்க வெளிய வந்தாத்தான் விடுமாம்."

"யாரு நிக்கிறது?"

அதைக் கேட்பதற்கும் ஒரு கட்டளை உண்டு. எல்எஸ்ஓஎஃப். அந்த இடத்தில் எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது, எது சும்மா உள்ளே நிற்கிறது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். வந்தது ஒரே ஒரு வரி: பாஷ், டெர்மினலுக்குள் ஓடுகிற ஷெல். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இன்னொரு டெர்மினலைத் திறந்து அந்த டைரக்டரிக்குள் போய் வேடிக்கை பார்த்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருந்தான். ஃபைல் எதையும் அவன் திறந்து வைக்கவில்லை. உள்ளே ஆள் நிற்பதே லினக்ஸுக்குப் போதும்.

சித்தப்பாவுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "முந்தினவன் வலைய எடுக்காம அடுத்தவன் எப்டிடா பாட்டுல எறங்குவான்? கரீட்டாத்தான் சொல்லுது" என்றார்.

கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் ஒரு செமஸ்டர் ஓடியது. இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் சொல்லவில்லை. காப்பி ஆகிவிட்டது என்று திரை காட்டினாலும் டிஸ்கில் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்காது. எழுத வேண்டியது நினைவகத்தில் காத்துக் கிடக்கும். வழக்கமான அமைப்பில் கெர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பதை டிஸ்குக்குத் தள்ளும். அதற்குள் பிடுங்கினால் ஃபைலின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அல்லது உள்ளே இருப்பது இருக்கும், பெயர் இருக்காது. காத்துக் கிடப்பதையெல்லாம் எழுதி முடித்து, ஒழுங்காக மூடியாயிற்று என்று ஒரு குறியும் போட்டுவிட்டுத்தான் அன்மவுன்ட் கையை எடுக்கும். பழைய யுனிக்ஸ்காரர்கள் கணினியை நிறுத்தும் முன் ஸிங்க் என்ற கட்டளையை மூன்று தடவை அடிப்பார்கள். மூன்றில் ஒரு மந்திரமும் இல்லை. மூன்று தடவை அடிக்கிற நேரத்துக்குள் டிஸ்க் எழுதி முடித்துவிடும், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கிற வேலை. ராத்திரி ஷிப்ட். டிஸ்க் மாற்றுவது, ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்குவது எல்லாம் ஜனங்கள் தூங்குகிற நேரத்தில்தான் நடக்கும். அங்கே பிஸி என்று வந்தால் உள்ளே நிற்பது தம்பியின் டெர்மினல் அல்ல. டேட்டாபேஸாக இருக்கும், எவரோ மறந்துபோன ஒரு ஸ்கிரிப்டாக இருக்கும், பெங்களூரில் லாகின் செய்துவிட்டு வீட்டுக்குப் போன ஒருவரின் ஷெல்லாக இருக்கும். ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து, கேட்டு, நிறுத்தி, பிறகுதான் கழற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கென்று சோம்பேறி அன்மவுன்ட் ஒன்று இருக்கிறது. கட்டளையோடு மைனஸ் எல் சேர்த்தால் போதும், மரத்திலிருந்து அந்தக் கிளை உடனே கழன்றுவிடும். ஆனால் உள்ளே நின்றவர்கள் நின்றபடியே எழுதிக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆள் போன பிறகுதான் டிஸ்க் நிஜமாக விடுபடும். பார்வைக்கு மட்டும் வேலை முடிந்துவிட்டது. மறுமுனையில் செத்துப்போன நெட்வொர்க் டிஸ்கைக் கழற்ற அது வேண்டும்தான். மற்றபடி அதைப் பழக்கமாக வைத்திருப்பவரை நம்பி நான் டிஸ்கைக் கொடுக்க மாட்டேன்.

அந்த ராத்திரிக் கதை இதுதான். ஒரு சர்வரில் ரூட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலாரம். எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று டைரக்டரி டைரக்டரியாகக் கூட்டிப் பார்த்தால் பாதி கணக்குக்கூட வரவில்லை. டிஎஃப் கட்டளை நிரம்பிவிட்டது என்கிறது, டியூ கட்டளை இல்லை என்கிறது. அழித்த ஃபைலை எதுவாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாயிற்று, இல்லை. விடிகிற நேரத்தில் அனுபவசாலியான ஒரு அக்காவைப் போனில் எழுப்பினோம். தூக்கக் கலக்கத்திலேயே, "மவுன்டுக்கு அடியில பாத்தீங்களாப்பா?" என்றார். ரூட்டையே இன்னொரு காலி டைரக்டரியில் பைண்ட் மவுன்ட் செய்து எட்டிப் பார்த்தோம். பேக்கப்புக்கென்று தனி டிஸ்க் உண்டு. முன்னொரு நாள் சர்வர் ரீபூட் ஆனபோது அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. டைரக்டரி இருந்தது, எழுதிவிட்டது, ரூட் டிஸ்கிலேயே. பிறகு யாரோ கவனித்து டிஸ்கை மவுன்ட் செய்திருக்கிறார்கள். முன்பு எழுதினதெல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. ஃபைல்களுக்கு ஒரு கேடும் இல்லை, வழிதான் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு, எழுதும் முன் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று கேட்காத பேக்கப் ஸ்கிரிப்ட் எதையும் எங்கள் குழுவில் விட்டதில்லை.

சித்தப்பாவின் காப்பி லேப்டாப்பில் ஒரு ராத்திரிதான் இருந்தது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். "உன் பொட்டில அது இருக்கக் கூடாது. நான் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் தெரியணும்." நியாயம்தான். மீனைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், வலையைக் கடன் கொடுப்பார்கள், பாரு இருக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அவர் கேட்டதற்கு மவுன்டை விடப் பொருத்தமான ஏற்பாடு ஏது? பஜாரில் ஒரு பென் டிரைவ் வாங்கி, லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து, ஃபைல்களை அதில் போட்டு, லேப்டாப்பிலிருந்ததை அழித்துவிட்டேன். விண்டோஸில் செருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், யாரும் ஆம் என்று அமுக்கிவிடக் கூடாது என்று மட்டும் எச்சரித்தேன். அவர் அதை ரேஷன் கார்டு, மீனவர் அடையாள அட்டை எல்லாம் வைக்கிற தகர டப்பாவுக்குள் போட்டார். அன்றிலிருந்து நான் ஊருக்குப் போனால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார். பென் டிரைவை மவுன்ட் செய்வோம், ஜிபிஎஸ்ஸை மவுன்ட் செய்வோம், புதிதாகக் குறித்ததைச் சேர்ப்போம், இரண்டையும் அன்மவுன்ட் செய்வோம், டப்பாவை மூடிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு தடவை கேட்டார்: "நான் இல்லாதப்ப வேற எவனாச்சும் தொறந்தா தெரியுமா?"

தெரியும். ஈஎக்ஸ்டி4, தன்னை எத்தனை தடவை மவுன்ட் செய்தார்கள், கடைசியாக எப்போது, எந்த டைரக்டரியில் என்பதையெல்லாம் தன் முகப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் அந்த எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் டிஸ்கை முழுசாகச் சோதித்த பிறகே கணினி மேலே போகும். அதற்காக வைத்த கணக்கு அது. மவுன்ட் செய்வதற்கு முன்னால் டியூன்-டூ-எஃப்எஸ் என்ற கட்டளையால் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் நாமே ஒன்றைக் கூட்டிவிடுவோம். அதற்காகவே என் லேப்டாப்பில் தானாக மவுன்ட் ஆவதை நிறுத்தி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது எண்ணைச் சொல்லுவேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி டப்பாவுக்குள் வைத்துக்கொள்வார்.

போன பொங்கலுக்குப் போனபோது எண், தாளில் இருந்ததைவிட ஒன்று கூட இருந்தது. கடைசியாக மவுன்ட் ஆன டைரக்டரியைப் பார்த்தேன். இப்போதைய லினக்ஸ்களில் அந்தப் பாதைக்குள் லாகின் பெயரும் வரும். தம்பியின் பெயர் பளிச்சென்று இருந்தது. அவன் இப்போது ஒரகடத்தில் வேலை பார்க்கிறான், மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறான், லேப்டாப்பில் உபுண்டு வைத்திருக்கிறான். மறைக்க வழியில்லாமல் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா கோபப்படவில்லை. "பாத்தானா, எதையாச்சும் மாத்தினானா?"

ஃபைல்களின் தேதியைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. திறந்து பார்த்ததோடு சரி.

"கடலுக்கு வாடான்னா வர மாட்டான், பாரு மட்டும் வேணுமாம் அவனுக்கு" என்றவர், தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார். "சரி, நம்பரு இன்னா, சொல்லு."